ஆப்பிள் சோமாசி

டின்னில் அடைத்து வரும் பழம் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே தித்திக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தூரத்திலிருந்து வருபவர்களின் சுபாவம் அது. ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்த என் அண்ணன் சைபுல்லாவும் முதல் வாரம் எல்லோரிடமும் அப்படித்தான் பேசினான்.

அவன் பெட்டியில் ஆப்பிள் டின்கள் இருந்தன. மாவுக்குள் வைத்துச் சுடுவதற்காக, நறுக்கிப் பாகு சேர்த்து அடைத்த ஆப்பிள். மொழிபெயர்ப்பு நாவல்களில் இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பனி பெய்யும் ஊரில் யாராவது ஒருத்தி அதைச் சுட்டு ஆறவைப்பாள், தெருவே மணக்கும். பாபநாசத்தில் எங்கள் கொல்லையில் நின்று ஒரு டின்னைத் திறந்து, விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். சர்க்கரை, கஞ்சிப் பசை, கொஞ்சம் தகரம். இத்தனை வருடம் படித்தது இதற்காகவா என்று இருந்தது.

அந்த வாரம்தான் அக்கா ஃபஹ்மிதாவைப் பெண் பார்க்கப் பட்டுக்கோட்டையிலிருந்து மெஹராஜ் பேகம் மாமி வருவதாக இருந்தது. அவருடைய மகன் ஜாஃபர் சாதிக்குக்கு அபுதாபியில் வேலை. அக்காவையோ சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு அழைத்திருந்தது. எங்கள் அத்தா நியாயமானவர்.

"அவங்களுக்குப் புடிச்சிருந்தா கல்யாணம். வேணாம்னு போயிட்டாங்கன்னா நீ மெட்ராஸுக்குக் கெளம்பும்மா. நான் தடுக்கல" என்றார்.

மாமி வேண்டாம் என்று சொல்வதில் பேர்போனவர். திருவிடைமருதூரில் ஒரு பெண்ணை, பாயசத்தில் பாக்கெட் வாசம் அடிக்கிறது என்று தள்ளிவிட்டு வந்தவர். பெண் தன் கையால் செய்த பலகாரம் வேண்டும். கடைச் சரக்கு என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டால் எழுந்துவிடுவார். சென்னைக்குப் போக ஆசைப்பட்ட அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"சோமாசிக்குள்ள அந்த டின்னு ஆப்பிள அப்படியே வச்சிடு தஹ்மீனா. ஒண்ணும் பண்ணாதே."

"அம்மா கேட்டா?"

"நான்தான் கிண்டுனேன்னு சொல்லு. சும்மா இருப்பேன்னு சத்தியம் பண்ணு. உன் கதைப் புஸ்தகம் எல்லாத்து மேலயும்."

சத்தியம் செய்தேன்.

அம்மா மாவைப் பிசைந்து வைத்துவிட்டு அக்காவுக்குத் தலை வாரப் போனாள். நான் ஆப்பிளை வடிகட்டியில் கொட்டிக் கழுவினேன். பழத்தைக் கழுவுவதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. பசை போனதும் துண்டுகள் பரிதாபமாகக் கிடந்தன. எலுமிச்சை பிழிந்தேன். ஒரு சிட்டிகை உப்பு. நெய்யில் பட்டையும் கிராம்பும் பொரித்துச் சேர்த்தேன். டின் துண்டுகள் எல்லாம் ஒரே அளவு; வீட்டில் யார் அப்படி நறுக்குகிறார்கள்? கொல்லையில் கொய்யாவைச் செங்காயாகப் பறித்து, விதையை வழித்துவிட்டு, கோணல்மாணலாக வெட்டிப் போட்டேன். பிறகு அடி லேசாகப் பிடிக்கும்வரை கிண்டாமல் விட்டேன். சும்மா இருப்பதாகத்தானே சத்தியம். அந்த நேரம் முழுக்கச் சும்மாதான் இருந்தேன்.

இப்போது அது நன்றாகவே இருந்தது. ஆனால் நன்றாக இருப்பது போதாது. கடைச் சரக்கில் தப்பு இருக்காது; வீட்டுப் பலகாரத்தில் ஒன்றாவது இருக்கும். ஒரு எலுமிச்சை விதையைப் பூரணத்தில் அமுக்கி மடித்தேன். அந்தச் சோமாசியின் விளிம்பை மட்டும் மற்றதைவிட அழகாகக் கிள்ளி, பொரித்ததும் மாமியின் தட்டில் மேலாக வைத்தேன்.

மாமி ஒரு கடி கடித்தார். "ஆப்பிளா? எங்க வூட்டுப் பரண் பூரா இந்த டின்னுதான் கெடக்கு. எம்மவன் அனுப்பி அனுப்பி."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

மென்றுகொண்டிருந்த மாமி சட்டென்று நிறுத்தினார். நாக்கிலிருந்து விதையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"வெதைய எடுக்காமயா புழிஞ்சே?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மாமியிடம் தெளிவாகவே சொன்னாள். "மாமி, இது டின்னுதான். நான் ஒண்ணும் செய்யல."

மாமி இன்னொரு சோமாசியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "செஞ்சத செய்யலங்குது பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா? இந்தப் புள்ளைய எனக்குக் குடுத்துடுங்க."

அன்று சாயங்காலம் அக்கா சமையலறைக்கு வந்தாள்.

"ஏன்டி?"

"நல்லாவே இல்லக்கா அது."

"நல்லா இருக்கக் கூடாதுன்னுதானேடி சொன்னேன்."

மிச்சமிருந்த சோமாசிகளை டப்பாவில் அடுக்கினேன். நிக்காஹ் முடிந்ததும் ஜாஃபர் மச்சான் அபுதாபிக்குத் திரும்பினார். அக்கா பட்டுக்கோட்டையில், தென்னந்தோப்பு நடுவில், மாமியோடு இருக்கிறாள். ஒருமுறை போனில் கூப்பிட்டாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "அந்தப் பூரணம் எப்படிப் பண்ணினே? விருந்தாளி வந்தா கேக்குறாங்க" என்றாள். எல்லாம் சொன்னேன், விதையைத் தவிர.

அத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருத்தியாவது போகட்டும் என்று என்னைச் சென்னைக்குக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பிவிட்டார். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த ஹாஸ்டலில்தான் இருக்கிறேன். பக்கத்திலேயே பெரிய நூலகம். மாலையில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டால், ஆமாம். ஆனால் அந்த ஆப்பிளுக்காக மட்டும்தான் செய்தேன். சென்னையை அப்போது நான் நினைக்கக்கூட இல்லை. அதோடு, அக்கா இங்கே வந்திருந்தாலும் இதையெல்லாம் ரசித்திருக்க மாட்டாள்; அவளுக்குக் கதைப் புத்தகம் படிக்கிற பழக்கமே கிடையாது.