எதிர்ப்பக்கத்துப் பாறை

— முகம் தெளிவா தெரிஞ்சா போதும் தம்பி, ஃபோன்ல இருக்குற இந்த ஃபோட்டோவைப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. ஏரியில இறங்கித் தேடுறவங்க கேக்குறாங்க. எங்க அண்ணன் நேத்து சாயங்காலம் போனது, விடிஞ்சு பத்து மணியாச்சு, இன்னும் வீடு வந்து சேரல.

— பதறாதீங்கக்கா, ரெண்டே நிமிஷம். ஃபோனை இப்படிக் குடுங்க. ஏரியிலதான்னு எப்படி முடிவு பண்ணாங்க?

— கரையில செருப்பு கெடக்குதே. சிவப்பு ரப்பர் செருப்பு, நான் வாங்கிக் குடுத்தது. சீக்கிரம் தம்பி.

— அக்கா... இவரா?

— என்ன இவரா? உங்களுக்குத் தெரியுமா?

— நேத்து நான் அங்கதான் இருந்தேன். போட்டிக்கு ஒரு படம் அனுப்பணும். மலை, தண்ணி, நடுவுல தம்மாத்தூண்டு ஒரு மனுஷன். அப்பதான் மலை எவ்வளவு பெருசுன்னு கண்ணுக்குப் புரியும். வர்றேன்னு சொன்ன ஃபிரண்டு கடைசி நேரத்துல காலை வாரிட்டான். இவர் கரையில சும்மா உக்காந்திருந்தார், கேட்டேன். உடனே சரின்னுட்டார்.

— அது யார் கேட்டாலும் சரின்னுதான் சொல்லும். நாப்பது வயசாச்சு, மனசு இன்னும் பச்சப்புள்ள. அப்போ செருப்பு?

— படத்துல பளிச்சுன்னு அடிக்கும்னு நான்தான் கழட்டச் சொன்னேன்.

— அப்ப தண்ணியில இறங்கலையா? வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி.

— சத்தியமா இல்லக்கா. எதிர்ப்பக்கம் மலைமேல ஒரு பாறை துருத்திக்கிட்டு நிக்குமே, நானே கூட்டிட்டுப் போய் அதுல நிறுத்தினேன். அப்புறம் வண்டியில சுத்திக்கிட்டு இந்தக் கரைக்கு வந்தேன். நாலு படம்கூட எடுக்கல, அதுக்குள்ள பனி இறங்கி எல்லாத்தையும் மூடிருச்சு. ஆளே தெரியல. அவரும் இறங்கிப் போயிருப்பார்னு பையைக் கட்டிட்டேன்.

— பனி இன்னும் விலகலையே! அங்க ஒருத்தரும் போகல, எல்லாரும் தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

— இறங்குறப்ப வழி தவறி எங்கயாவது... சின்னப் பாறைக்கா அது, ஒரு எட்டு தள்ளி வச்சா பள்ளம். அதனாலதான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், நான் கையைத் தூக்கி ‘போதும்’னு கத்துற வரைக்கும் அசையவே கூடாதுன்னு.

— சொன்னீங்களா?

— மூணு தடவை சொன்னேன்க்கா.

— அதில்ல தம்பி. ‘போதும்’னு சொன்னீங்களா?