சல்லடைச் சக்கரம்

பால் விடாத பிளேன்டித் தேநீர் மட்டும் எனக்குச் சூடாக இருக்க வேண்டும். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லாத மனிதன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பெரிய கிளாக்கராக இருந்தேன். சிற்றம்பலம் என்றால் தோட்டத்தை நடத்தும் துரைக்கே ஒரு மரியாதை.

தொண்ணூற்றேழில் முருகையா ஒரு படத்தை என் மேசையில் விரித்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நிலாவில் ஓடும் வண்டியாம். வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்ப நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரவேண்டுமாம். குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, இவருக்கு நிலாவில் சவாரி.

"நிலாத் தூசியும் தேயிலைத் தூள் மாதிரித்தானுங்க ஐயா. கம்பிச் சல்லடையில சக்கரம் செஞ்சா ஒட்டாம கொட்டிரும்."

கம்பி பாரம் தாங்காது என்றேன். அங்கே பாரம் ஆறில் ஒரு பங்குதான் என்று மற்றக் கிளாக்கர்மார் முன்னால் திருத்தினான். அதுவும் பணிவாக. அந்தப் பணிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தில் பார்த்தேன். அவன் சொன்னது சரி. கடிதம் எழுதவில்லை. படத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

யுத்த காலம். அடுத்த மாதம் பொலிஸார் லயத்தைச் சோதித்தபோது முருகையாவிடம் அந்தப் படத்தின் பிரதி அகப்பட்டது. ஆயுதப் படமோ என்று சந்தேகம். தமிழ் வாசிக்கத் தெரியாத இன்ஸ்பெக்டர் என்னை அழைத்தார். நிலா வண்டி என்கிறான், நீங்கள் ஆமென்றால் விட்டுவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர். முருகையா என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பொய் சொல்லவில்லை. "தோட்டக்காட்டான் நிலாவைப் பற்றி யோசிப்பானா, சேர்?" என்று சிங்களத்தில் கேட்டேன், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு அவனை யாரும் காணவில்லை.

அவன் மனைவி பெரியாயி ஒரு மாதம் தினமும் காலையில் அலுவலக ஜன்னலுக்கு வந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்களாம் ஐயா."

ஒரு வார்த்தை போதுமென்பது எனக்கும் தெரியும். பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நேரமாகிறது, போய் வேலையைப் பார் என்று அனுப்பினேன்.

இப்போது ஓய்வு பெற்றுப் பதுளையில் இருக்கிறேன். காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த நீங்கள், அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. படம் என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பது வருடமாக அடிமட்டம் வைத்து அளந்து பார்க்கிறேன். ஒரு பிழை அகப்பட்டால் போதும், நான் செய்தது சரியாகிவிடும்.