மெய்சிலிர்த்தவர்களும் மேற்குச் சுவரும்

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கனிவோடு புன்னகைக்கும் அவைத்தலைவர் அவர்களே! இவன் எப்போது முடிப்பான், கேடயம் எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே! கல்லைக் காணக் கிளம்பி, கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, தம்மையே படம் பிடித்துத் திரும்பிய கலாரசிகப் பெருமக்களே! மின்விசிறிக்கு நேர் கீழே முன்வரிசையைப் பிடித்துவிட்ட மூத்தோர்களே! இத்தனை பேருக்கும் ஊர் சுற்றப் பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பி, இன்றைக்காவது கொஞ்சம் உட்காரலாம் என்று வந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நம்முடைய தொன்மைத் தலங்கள் காணும் சங்கம் நூறாவது பயணத்தை முடித்துவிட்டது. அதைப் பாராட்டிப் பேச என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். என்னைவிடத் தகுதியான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டான். ஆறு வருடமாகப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்று, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "வலப்பக்கம் பாருங்கள், ஆயிரம் ஆண்டு! இடப்பக்கம் பாருங்கள், அதற்கும் மேலே!" என்று கூவியவன் நான்தானே! ஆகவே பாராட்டுகிறேன். எழுந்து போய்விடாமல் கேளுங்கள்.

நூறு பயணம்! எத்தனை விகாரைகள், எத்தனை கோயில்கள், எத்தனை கோபுரங்கள், எத்தனை குகைகள்! எல்லாவற்றையும் பார்த்தோம். பார்த்தோமா? ஒரு தலத்துக்கு எட்டு நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். ஆயிரம் வருடத்தை எட்டு நிமிடத்தில் அளந்த அதிசயப் பிறவிகள் நாம்! என்ன, பின்வரிசையில் சிரிப்பா? சிரியுங்கள் தம்பி. சாப்பாட்டுக்கு முதலில் இறங்கி ஓடியது நீங்கள்தான்.

நாம் பதினோரு முறை போய்வந்த ஓரிடத்தை மட்டும் சொல்கிறேன். வயல்களுக்கு நடுவே வரப்பில் கால்மணி நேரம் நடந்தால், செங்கல்லால் எழுப்பிய பழைய புத்த விகாரை. அதை ஒட்டியே, பின்னால் வந்தவர்கள் கருங்கல்லில் கட்டிய சிவன் கோயில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சுவர். கோயிலுக்கு அது மேற்குச் சுவர். அதன் மறுபக்கத்தில்தான் புத்தர் கண்மூடி அமர்ந்திருந்தார். கீழே இடுப்பளவு விகாரையின் செங்கல், அதற்கு மேலே கோயிலின் கருங்கல்.

அந்தச் சுவரைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு என்ன தோன்றியது தெரியுமா? நம் பல் டாக்டர் ஆரம்பித்தார்: "அடியில செங்கல் இருக்குல்ல? அப்ப சுவர் விகாரைக்குத்தான் சொந்தம்." விடுவாரா ஜவுளிக்கடை அண்ணன்? "அடியில எது இருந்தா என்னங்க? நிக்கிறது எங்க கோயில் கல்லு!" பேருந்து கிளம்பியும் ஓயவில்லை இந்தப் போர். சாப்பாட்டு இலை போட்ட பிறகும் ஓயவில்லை. யாருடைய சுவர் என்று இரண்டு மணி நேரம் வாதாடிய மகா பண்டிதர்களே, அது நேராக நிற்கிறதா என்று ஒருவராவது இரண்டு நிமிடம் பார்த்தீர்களா?

பார்த்தவர் ஒருவர் இருந்தார். இரண்டு தலங்களையும் திறந்து பூட்டிப் பெருக்கிக் காவல் காக்கும் சாவிக்காரம்மா. ஒவ்வொரு முறையும் நம் பின்னாலேயே விளக்குமாற்றோடு ஓடி வருவார். "ஐயா, போறதுக்கு முன்னால மேற்குச் சுவரைக் கொஞ்சம் பாருங்க. வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. மழைக்கு மழை இன்னும் தள்ளுது. பதிவேட்டுல ஒரே ஒரு வரி எழுதிட்டுப் போங்க."

"நீங்களே தொல்லியல் ஆபீசுக்கு எழுத வேண்டியதுதானே?" என்று நம் செயலாளர் கேட்டார்.

"எழுதினேங்க, நாலு தடவை. வேலைக்காரங்க எழுதினா கணக்குல வராதாம். வந்து பாக்குறவங்க பதிவேட்டுல குறை எழுதினாத்தான் இன்ஜினியர் வருவாராம். அதான் உங்க காலைச் சுத்துறேன்."

எவ்வளவு எளிய வேண்டுகோள்! மலையைப் பெயர்க்கச் சொன்னாரா? மணிமண்டபம் கட்டச் சொன்னாரா? ஒரு வரி எழுதச் சொன்னார். நாம் எழுதினோம் ஐயா, எழுதினோம்! ஜவுளிக்கடை அண்ணன் எழுதினார்: "மெய்சிலிர்த்தேன்!" பதினோரு முறையும் அவருக்கு மெய்சிலிர்த்திருக்கிறது. பல் டாக்டர் எழுதினார்: "சொல்ல வார்த்தைகளே இல்லை." சொல்ல வார்த்தை இல்லாதவர் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார்! தலைவர் அவர்கள் எழுதியது: "அருமை. அற்புதம். அபாரம்." கீழே கையெழுத்து, அதைவிட அபாரம்.

குறை என்று நம் சங்கத்திலிருந்து ஒரே ஒருவர்தான் எழுதினார். செயலாளர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். "கழிப்பறை வசதி இல்லை" என்று எழுதினீர்கள். இரண்டே மாதம்! இன்ஜினியர் வந்தார், கொத்தனார் வந்தார், கட்டி முடித்துவிட்டார்கள். கதவில் ஆண் பெண் படம் வரைந்து, பளபளவென்று இன்றைக்கும் நிற்கிறது. ஒரு வரிக்கு அவ்வளவு வலிமை இருந்தது! அந்த வலிமை கையிலிருந்தும் நாம் அதை எதற்குச் செலவழித்தோம்?

கை தட்டாதீர்கள். இனிமேல்தான் என் கதை வருகிறது.

என் தொழில் என்ன? மோதி நசுங்கிய வண்டிகளுக்குச் சேதம் மதிப்பிடுவது. முப்பது வருடம். கார்க் கதவில் நகக்கண் அளவு நெளிவு இருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட கண் எனக்கு. சுவர் சாய்ந்திருந்தது எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரிந்தது. ஆனால் பேனாவைத் திறந்ததும் எனக்குள் இருந்த பேச்சாளன் எழுந்துவிட்டான். இரண்டு பக்கம் எழுதினேன். "காலத்தை வென்று நிற்கும் கற்சுவரே! உன் நிமிர்வில் என் முன்னோரின் முதுகெலும்பைக் கண்டேன்!" நிமிர்வாம்! முதுகெலும்பாம்! வயிறு தள்ளி நின்ற சுவரில் இந்த வாய்ச்சொல் வீரன் கண்ட நிமிர்வைப் பாருங்கள்!

பக்கத்தில் நின்ற என் மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டாள். "சுவர் சாஞ்சிருக்குன்னு அந்தம்மா அத்தனை தடவை சொன்னாங்களே, அதை எழுதலையா?"

நான் சொன்ன பதிலை இந்த அவையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். "அதெல்லாம் நடுவுல எழுதினா நடை கெட்டுடும், சும்மா இரு."

நடை கெடவில்லை. சுவர் விழுந்துவிட்டது.

போன மாதம், மூன்று நாள் மழைக்குப் பிறகு, உச்சிவேளையில் விழுந்தது. சாவிக்காரம்மா தன் வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த இரண்டு மரங்களைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். தாங்கவில்லை. கோயில் கதவைத் திறக்க அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததால் உயிர் தப்பியது. புத்தரின் வலத்தோள் போய்விட்டது. டாக்டர், அண்ணா, உங்கள் வழக்கும் தீர்ந்துவிட்டது. செங்கல்லும் கருங்கல்லும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. போய்ப் பிரித்துக்கொள்ளுங்கள், எது யாருடையது என்று!

இதோடு போயிருந்தால் வருத்தம் தெரிவித்துவிட்டு இறங்கியிருப்பேன். போன வாரம் சாவிக்காரம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் அலுவலகக் கடிதம். படிக்கிறேன், கேளுங்கள்: "ஆறு ஆண்டுகளில் வந்த பார்வையாளர் ஒருவரும் சுவரில் குறை கண்டதாகப் பதிவு இல்லை. மாறாக, அதன் நிமிர்வைப் பாராட்டி இரண்டு பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. எனவே சுவர் நல்ல நிலையில் இருந்தது. ஊழியர் அனுமதியின்றி வைத்த மரங்களே அதைத் தள்ளியுள்ளன." வேலையை விட்டு நீக்குவதற்கு முன் விசாரணை. நாளைக் காலை பத்து மணி.

கேட்டீர்களா? அவருக்கு எதிரான சாட்சி யார்? கள்வனா? பகைவனா? என் கவிதை ஐயா, என் கவிதை! உங்கள் சிலிர்ப்பு, உங்கள் அற்புதம், உங்கள் அபாரம்! நாம் புகழ்ந்து புகழ்ந்தே ஒரு சுவரைச் சாய்த்தோம். இப்போது அதே புகழ்ச்சியால் ஒரு பெண்ணின் பிழைப்பையும் சாய்க்கப் போகிறோம்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஐயா, இது உங்க எழுத்துதானே? சுவர் முன்னாடியே சாஞ்சிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார், "நேரமாகிறது" என்று. ஆமாம் தலைவரே, நேரமாகிவிட்டது. அதனால்தான் அவசரப்படுகிறேன். பல் டாக்டர் எழுந்து கேட்கிறார், "இப்ப எழுதிக் கொடுத்தா பழி நம்ம மேல வராதா?" வரும் டாக்டர். வரவேண்டிய இடத்துக்கே வரும். இத்தனை நாள் அது தவறான வீட்டில் தங்கியிருந்தது.

இந்த மேசையில் ஒரு தாள் வைக்கிறேன். எதுகை இல்லை, மோனை இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றே வரி எழுதியிருக்கிறேன். "மேற்குச் சுவர் சாய்ந்திருந்தது. அந்த அம்மா எங்களுக்குக் காட்டினார். நாங்கள் எழுதவில்லை." முதல் கையெழுத்து என்னுடையது. பதினோரு முறை போனவர்கள் நாற்பது பேர் இங்கே இருக்கிறீர்கள், எனக்கு முகம் தெரியும்.

இவ்வளவு ஏச்சையும் இருந்து கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. கையெழுத்துப் போட்டவர்கள் காலை ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் நில்லுங்கள். மற்றவர்கள் கேடயத்தைப் பெற்றுக்கொண்டு மெய்சிலிர்த்துப் போங்கள். வணக்கம்.