என் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்த பகைவன்

நான் வாய் திறக்குமுன்பே கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் நெஸ்தோரியோ அவர்களே! கூடைப்பந்துத் திடலை நிறைத்திருக்கும் இலோயிலோ நகரத்துப் பெரியோர்களே! அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கன்னத்துள் பஞ்சு தேய்த்து, இரத்தக் குருத்தணுக் கொடையாளராய்ப் பெயர் கொடுக்க வந்த இளஞ்சிங்கங்களே! வணக்கம்.

நான் தியோதுல்போ. மகள் ஜொவெலினுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது என் குருத்தணுக்களை அள்ளிக் கொடுத்த வள்ளல்! அணு எடுக்க நான்கு மணி நேரம் படுத்துக் கிடந்ததை நானூறு ஆண்டுப் போர் என்று முழங்கினேன். “என் அணு வீரர்கள் எரிமலையையே விழுங்குவார்கள்” என்றேன். எட்டாம் மாதம் நோய் திரும்பியது.

எங்கே போனார்கள் வீரர்கள்? தூங்கினார்களா? தொலைந்தார்களா? டாக்டர் வில்மா சொன்னார்:

“உங்க பொண்ணோட அணுவுல பாதி அடையாளம் உங்களுது, பாதி அம்மாவுது, சார். அம்மா அடையாளத்தப் பாத்துதான் உங்க வீரருங்க ‘அன்னியன்’னு அடிச்சாங்க. புத்துநோய் அணு அந்தப் பாதியக் கழட்டி எறிஞ்சிடுச்சு. இப்ப அதுக்கு உங்க மூஞ்சி மட்டுந்தான். ‘நம்மாளு’ன்னு விட்டுட்டாங்க.”

என் வீரர்கள் வேறெப்படி இருப்பார்கள்? திருவிழாவன்று வாசலில் எவனோ “மாமா!” என்றதும், சுட்ட பன்றியின் மொறுமொறுத் தோலை ஊட்டி, மூன்று நாள் என் கட்டிலில் படுக்க வைத்தவனல்லவா நான்! அவன் பக்கத்து ஊருக்குப் போக வழி தவறியவன். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும்தான் அவன் சாப்பிட்டான்!

“இனி வழியே இல்லியா டாக்டர்?” என் குரல் அன்றுதான் சிறுத்தது.

“உங்க மூஞ்சியப் பாத்தாலே அடிக்கிற ஆள் வேணும்.”

என் மனைவி மெர்லிந்தா சட்டைக் கையை மடித்தாள். “இருபத்தாறு வருசமா அதுக்குத்தானே பயிற்சி எடுக்கிறேன்! எங்க குத்தணுமோ குத்துங்க.”

மகள் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். “அப்பாவ அடிக்கிறேன்னு என்னையும் சேத்து அடிச்சிடாதம்மா.”

உள்ளே போன அம்மாவின் அணு மகளையும் கொஞ்சம் அடித்தது. தோல் தடித்தது, வாய் வெந்தது, தாங்கினாள். மெர்லிந்தாவின் படையோ என் முகம் தரித்தவனைத் தேடித் தேடி, துரத்தித் துரத்தி மொத்தியது! பதினான்கு மாதங்கள். இன்றுவரை நோயணு ஒன்றுகூட அகப்படவில்லை.

அவைப் பெரியோரே! சொந்தப் படையே ஏமாறும் நாளில் எங்கோ ஓர் அன்னியன் வந்து காக்கலாம். யாருக்கோ அந்த அன்னியனாக, அதோ அந்த மேசையில் பெயர் எழுதுங்கள்!

நான் தோற்றேன். நாடறியத் தோற்றேன்! மகளின் இரத்தத்தில் என் அணு ஒன்றுகூட இல்லை. மகள் இருக்கிறாள்!

எழுந்து போகாதிருந்த அனைவருக்கும் நன்றி. வென்ற மெர்லிந்தாவுக்கு என் வணக்கம்.