ஒரு சொட்டு ஈயம்

பெத்தவங்க நிறைய பேர் வந்திருக்கீங்க. அதனால இந்த இடத்துல ஒரு சின்ன சங்கதி சொல்லிட்டு மேல போறேன். கதைன்னே வெச்சுக்கோங்க… ஆனா நடந்தது.

கோயமுத்தூர்ல, கணபதிப் பக்கம், தெய்வானைன்னு ஒரு அம்மா. மோட்டார் கம்பெனியில வேலை. காயில் சுத்தி, ஒயர் நுனியில ஈயம் பத்த வைக்கிற வேலை. கல்யாணம் பண்ணிக்கல. ஏன்? தம்பி. நாச்சிமுத்துன்னு பேரு, இருபத்தாறு வயசு, பிறவியிலேயே கண்ணு தெரியாது. அப்பா அம்மா போனப்புறம் அந்தத் தம்பிக்கு எல்லாமே அக்காதான். சோறு போட்டு வெக்கிறது அக்கா. சட்டை எடுத்துக் குடுக்கிறது அக்கா. தெருமுனைக்குப் போனாலும் கையைப் பிடிச்சுக்கிட்டு அக்கா.

தம்பி பி.ஏ. முடிச்சவன். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதணும்னு ஒரே பிடிவாதம். பாடம் எல்லாம் சி.டி.யில. யாரோ நல்ல மனசுக்காரங்க புத்தகத்தை வாசிச்சு, பதினாலு சி.டி.யா பதிஞ்சு குடுத்திருந்தாங்க. வீட்டுல ஒரு சி.டி. பிளேயர். அதுதான் அவனுக்குப் புத்தகம், அதுதான் வாத்தியார்.

பரீட்சைக்குப் பன்னண்டு நாள் இருக்கு… பிளேயர் படுத்துருச்சு. சி.டி. சுத்துது, திக்குது, நிக்குது. ரிப்பேர் கடைக்காரர் பார்த்தார்.

"சி.டி.யைப் படிக்கிற லேசர் போச்சுங்க. புதுசா மாத்தணும். என்கிட்ட குடுத்தீங்கன்னா ரெண்டு வாரம் ஆகும்."

ரெண்டு வாரம்! தெய்வானை யோசிச்சாங்க. கம்பெனியில நாள் முழுக்க ஈயம் பத்த வைக்கிற கை. "பார்ட்டை மட்டும் குடுங்க, நானே மாத்திக்கறேன்"னு வாங்கிட்டு வந்துட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில மேஜை மேல துணி விரிச்சு உட்கார்ந்தாங்க. ஸ்க்ரூ கழட்டி, பட்டை ஒயரை உருவி, பழசை எடுத்துட்டுப் புதுசை மாட்டினாங்க. தம்பி பக்கத்துல வந்து நின்னான்.

"நானும் ஒரு கை பிடிக்கட்டுமாக்கா?"

"நீ தொடாத கண்ணு. ஒடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா?"

மாட்டியாச்சு. சி.டி. போட்டாச்சு. பட்டனை அமுக்கினா… 'நோ டிஸ்க்'. உள்ள சி.டி. இருக்கு, இல்லைங்குது பொட்டி! கழட்டி மறுபடி மாட்டினாங்க. 'நோ டிஸ்க்'. மறுநாள் கடைக்கு ஓடி வேற ஒண்ணு மாத்தி வாங்கிட்டு வந்தாங்க. அதுவும் அப்படியே. மூணு நாள் போச்சு.

"போர்டே போயிருச்சாட்ட இருக்குது தம்பி. விடு. அடுத்த வருசம் எழுதிக்கலாம்."

இப்படிச் சொன்னப்ப அந்த அம்மாவுக்கு உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? வருத்தம்னு நினைப்பீங்க. வருத்தம் இருந்துச்சு. கூடவே… ஒரு நிம்மதி. பரீட்சை எழுதலேன்னா பாஸ் பண்ண மாட்டான். பாஸ் பண்ணலேன்னா வேற ஊருக்குப் போக மாட்டான். இதை நான் கண்டுபிடிக்கலீங்க. அவங்களே பின்னாடி என்கிட்ட சொன்னாங்க.

தம்பி விடலை.

"அக்கா, பழைய லேசர் போட்டிருந்தப்ப சி.டி. சுத்தவாச்சும் சுத்துச்சு. இதுல சுத்துற சத்தமே வரலையே? எங்கிட்ட குடு. பழசு, புதுசு, ரெண்டையும் குடு."

"வேண்டாம்னு சொல்றேன்ல…"

"என்ன ஆயிரும்? அதான் ஏற்கெனவே ஓடலையே!"

அக்கா கழட்டி, ரெண்டையும் கையில குடுத்தாங்க. "கண்ணாடிப் பக்கம் மட்டும் விரல் படாம பாத்துக்க"ன்னாங்க. அவன் ரெண்டையும் திருப்பி, அடிப்பக்கத்தை விரல் நுனியால மெதுவாத் தடவினான். பழசு… புதுசு… மறுபடி பழசு… மறுபடி புதுசு.

"அக்கா, புதுசுல இந்த மூலையில கடுகாட்டம் ஒரு மேடு இருக்குது. பழசுல அந்த எடம் மொழுமொழுன்னு இருக்குது. இது என்ன?"

குனிஞ்சு பார்த்தாங்க. ரெண்டு புள்ளியைச் சேர்த்து ஒரு சொட்டு ஈயம். தினம் நூறு சொட்டு ஈயம் வெக்கிற அம்மா. பார்த்திருந்தாங்க, ஆனா இது இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. உடனே கடைக்காரருக்குப் போன்.

"அடடா, சொல்ல மறந்துட்டேங்க! எதையாச்சும் தொட்டா சுருக்குங்குமே, நம்ம கையில இருக்கிற அந்தத் துளிக் கரண்டே லேசரைக் கொன்னுரும். வழியில ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு லேசர் செய்யற கம்பெனியில அப்படிப் பத்த வெச்சு அனுப்புவாங்க. மாட்டி முடிச்சதும் அதை எடுத்துரோணும். எடுக்கலேன்னா லேசர் எரியவே எரியாதுங்க."

மறுபடி மாட்டினாங்க. ஈயத்தை உருக்கி எடுத்தாங்க. பட்டனை அமுக்கினாங்க. சர்ர்ருன்னு சுத்தி… "பாடம் மூன்று"ன்னு குரல் வந்துச்சு. தம்பி சிரிச்சான். அக்கா சிரிக்கலை. அந்தச் சொட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

அந்த வருசம் அவன் பாஸ் பண்ணலைங்க. நாலு மார்க்ல போச்சு. அடுத்த வருசம் பாஸ் பண்ணினான். வேலை தருமபுரியில. "நானும் வந்து கூட இருக்கட்டுமா?"ன்னு அக்கா கேக்கலை. கேக்காம இருக்கறதுக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்னாங்க.

இப்ப நீங்க சொல்லுங்க. ஈயம் வெச்சது தப்பா? இல்லைங்க. அது இல்லாட்டி லேசர் வழியிலேயே செத்திருக்கும். சின்ன வயசுல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது தப்பா? அதுவும் இல்லை. ஆனா வந்து சேர்ந்தப்புறமும் எடுக்காம விட்டா? பிள்ளை ஒண்ணும் பண்ண மாட்டேங்கிறான், பொண்ணு வாயைத் திறக்க மாட்டேங்கிறாள்னு குறை சொல்லிக்கிட்டு இங்க வர்றோம். பிள்ளையை மாத்தணும், காலேஜை மாத்தணும்… எல்லாத்தையும் மாத்திப் பாக்கறோம். வெளிச்சம் உள்ள இருக்கு. அதை அடைச்சிருக்கிறது நம்ம பாசம். அதை அவங்களால எடுக்க முடியாது. வெச்ச நாமதான் எடுக்கணும்.