யாரும் குடிக்காத கிணறு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர்ச்சங்கத் தலைவர் ஒஸ்மோ அவர்களே, நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று நெளியும் நகராட்சி அதிகாரிகளே, கொட்டும் பனியில் வண்டியோட்டி வந்த பெரியோர்களே, கைக்குழந்தைகளோடு கடைசி வரிசையில் நிற்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் இந்த ஹௌகிகோர்பி மண்ணின் மகள் கெர்ட்டு வணங்குகிறேன்.

நான் பேச வந்தவள் அல்ல, பதறி வந்தவள். போன சனிக்கிழமை என் வீட்டுச் சவுனாவில், அந்த ஆவிக்குளியல் அறையில், நடந்ததைக் கேட்டால் நீங்களும் பதறுவீர்கள்.

நம் நிலத்தடியில் நஞ்சு இருப்பது ஊரறிந்த செய்தி. மூடிக்கிடக்கும் சலவை ஆலை துணிக்கு வெளுப்பைத் தந்தது, மண்ணுக்கு விஷத்தைத் தந்தது. அழுக்கு நீக்கிய திரவம் நம் கிணறுகளில் இறங்கியது. குடிக்காதீர்கள் என்றார்கள், குடிக்கவில்லை. லாரித் தண்ணீர் தந்தார்கள், வரிசையில் நின்று பிடித்தோம்.

பிறகு, எவ்வளவு நஞ்சு இருந்தால் ஆபத்தில்லை என்று வரம்பு வகுக்க ஹெல்சிங்கியிலிருந்து ஸைமி அம்மையாரை அழைத்தார்கள். நச்சியல் கற்றவர், நல்லவர், இதோ மேடையில்தான் இருக்கிறார். யாரும் குடிக்காத கிணறுதானே என்று வரம்பைத் தளர்த்தினார். நம் கிணறுகள் அதற்குள் அடங்கிவிட்டன. ஆகவே மண்ணைத் தோண்ட வேண்டாம், நீரைத் துப்புரவாக்க வேண்டாம். இன்று அந்த வரம்புக்கு நாம் கைதூக்கினால் கதை முடிந்தது!

வேலை முடித்த விருந்தாளியைச் சவுனாவில் வேர்க்கவைக்காமல் அனுப்புவோமா நாம்? அழைத்தேன், வந்தார். மேல்பலகையில் அவர். கீழ்ப்பலகையில் என் தங்கை ஹில்ப்பா, அவள் மடியில் இன்னும் பல் முளைக்காத மகள். நான் தண்ணீரை மொண்டு அடுப்பின் மேல் கொதிக்கும் கற்களில் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி எழுந்தது.

"ஆவி சுகமா இருக்கு கெர்ட்டு. எங்க புடிச்ச தண்ணி?" என்றார்.

"கெணத்துலதான். லாரித் தண்ணியக் கொண்டுபோய்க் கல்லுல ஊத்துனா ஊரே சிரிக்காதா?"

அவ்வளவுதான். குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு, துண்டுகூடக் கட்டாமல், பனியில் ஓடினார் அம்மையார்! என் பிள்ளையைக் கொடு என்று அலறியபடி ஹில்ப்பா பின்னால் ஓடினாள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், அவர் சொன்னதைக் கேட்கும்வரை.

"குடிச்சா என்ன ஆகும்னு பாத்தேன். தோல்ல பட்டா என்ன ஆகும்னு பாத்தேன். ஆவியா மூச்சுல போறத பாக்கவே இல்ல ஹில்ப்பா. நானும் வாராவாரம் சவுனாவுல உக்கார்றவதான். எனக்கே தோணல."

கேட்டீர்களா? சூடேறியதும் அந்த நஞ்சு நீரை விட்டுக் காற்றில் ஏறிக்கொள்ளுமாம். கதவைச் சாத்திக்கொண்டு, ஆகா ஆகா என்று இழுத்து இழுத்து எதைச் சுவாசித்தோம்? வாயால் தொடாத கிணற்றை வாரந்தோறும் மூக்கால் குடித்திருக்கிறோம்!

அங்கே என்ன? இனி லாரித் தண்ணீரையே ஊற்றலாம் என்கிறீர்களா, உர்ஹோ அண்ணே? ஊற்றலாம். இந்தப் பிள்ளைகள் பிள்ளை பெறும்வரை லாரி வருமா?

ஸைமி தன் வரம்பைத் திரும்பப் பெற்றுவிட்டார். நகராட்சியோ, நாள் குறித்தாயிற்று, வாக்கெடுப்பு நடந்தே தீரும் என்கிறது. ஹில்ப்பா மகளின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. கையைத் தூக்குமுன் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். அங்கே அவள் தாயின் தோளில் தூங்குகிறாள். அவள் மூச்சைக் கணக்கில் சேர்க்காத எந்த வரம்புக்கும் என் கை எழாது!

இன்றும் சனிக்கிழமை. எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக எங்கள் சவுனா அடுப்பு எரியாமல் கிடக்கிறது. அது மறுபடி எரியும் நாளில் அனைவரையும் அழைப்பேன், இந்தக் குழந்தையும் இருப்பாள் என்று நம்பி. செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.