பாத்ரூமுக்கு ஒரு கதவு

...அதத்தான் தம்பி நானும் கேக்குறேன், ஒரு பாத்ரூமுக்குக் கதவு செய்யத் தெரியாதவன் எதுக்கு உளியத் தொடணும்? வாங்க வாங்க, செருப்போடயே வாங்க, பரவால்ல. இதோ, இதான் நிலை. கதவு எங்கன்னு தேடாதீங்க. கதவு இல்ல, திரைதான். நான் தச்சது. பூப்போட்ட துணி, நல்லாருக்குல்ல? நல்லாருந்து என்ன... ஃபேன் போட்டா பறக்குது! உள்ள இருக்கிறவங்க பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டு நின்னா ஆள் இல்லன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டு, அதுலயும் பாதிதான். ஒரு மாசமா அந்தப் பாதியக் கேட்டுக் கேட்டு எனக்குச் சோறே இறங்கல தம்பி.

பழைய கதவா? அது அடியில தண்ணி ஊறி உளுத்துப்போச்சு. சரி, புதுசு போடுவோம்னா, இவரோட தம்பி, அதான் என் கொழுந்தன், அவனும் உங்களாட்டம் மரவேலைதான்... "அண்ணி, நான் செஞ்சு தர்றேன், அளவ மட்டும் எழுதிக் குடுங்க"ன்னான். வந்து அளக்குறதுக்கு என்னடான்னா, வேலை நெருக்கடியாம். சரின்னு நானே அளந்தேன். ஏன் சிரிக்கிறீங்க? இருபது வருஷமா டேப் புடிக்கிற கை இது! தெருவுல எந்தச் சட்டையப் பாத்தாலும் என் தையல்தான். டைட்டுன்னு ஒருத்தர் திரும்பி வந்ததில்ல. எப்படி வருவாங்க? உடம்பு என்ன அளவோ அதோட ரெண்டு இன்ச் சேத்துத்தான எழுதுவேன். மனுஷன்னா மூச்சு விடணும், சாப்பிடணும், தொப்பை போடணும்... ஆங், நீங்க அளங்க, அளங்க. நான் பேசினா உங்க கை நின்னுடுமா என்ன?

கதவு வந்துச்சு. பாலிஷெல்லாம் போட்டு, முகம் பாக்கலாம். ஆனா நிலைக்குள்ள போனாத்தான! அகலத்துல ரெண்டு இன்ச் பெருசு. உயரத்துலயும் ரெண்டு இன்ச் பெருசு. ஒண்ணுல தப்பினா கை தவறிடுச்சுன்னு விடலாம். ரெண்டுலயும் அதே ரெண்டு இன்ச்னா? வேணும்னே பண்ணதுதான! "அண்ணி, நீங்க எழுதின அளவுதான்"ங்கிறான், என் மூஞ்சிக்கு நேரா! எங்கடா சீட்டுன்னா, தொலைச்சுட்டானாம். விடுவேனா? தெருவே கேக்குற மாதிரி கேட்டேன் பாருங்க... "அறுத்து இழைச்சுக் குடுத்துடறேன் அண்ணி"ன்னு கெஞ்சினான். நீ ஒண்ணும் இழைக்க வேணாம், உனக்கெல்லாம் அண்ணன் வீடு ஒரு கேடான்னுட்டேன்.

அதோட அவன் வரவே இல்ல. தினம் இந்நேரத்துக்கு டீக்கு வந்துடுவான் தம்பி. இவரு இப்பவும் அடுப்படியில அவனுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கிறாரு, அப்புறம் ஞாபகம் வந்து கவுத்து வைக்கிறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா சண்டையாவது போடலாம். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தப்பு அவன் மேல, நான் எதுக்கு இறங்கிப் போகணும்? சொல்லுங்க!

அந்தக் கதவா? அதோ, ரெண்டு ஸ்டூல் மேல போட்டு வச்சிருக்கேனே. துணி வெட்ட நல்ல மேஜை. சும்மா சொல்லக்கூடாது, ஆட்டமே இல்ல.

அளந்தாச்சா? சொல்லுங்க, நானே எழுதுறேன். இந்தத் தடவை சீட்டு எங்கிட்டயே இருக்கட்டும். அகலம்? இருபத்தெட்டா... ம், முப்பது. உயரம்? எழுபத்தாறு... எழுபத்தெட்டு. ஆச்சு. என்ன அப்படிப் பாக்குறீங்க? நீங்க சொன்னதத்தான எழுதியிருக்கேன்? இருபத்தெட்டுன்னீங்க, நான்...

...

ஐயையோ.

இருங்க, இருங்க, சிரிக்காதீங்க... சரி, சிரிங்க, இவரு காதுல விழாமச் சிரிங்க. பாவி, கதவுக்குமா தொப்பை போடும்? அந்தப் புள்ளைய எப்படியெல்லாம் பேசிட்டேன்! இந்த வாயத்தான் மொதல்ல தைக்கணும். அதுக்கும் ரெண்டு இன்ச் விட்டுத்தான் தைப்பேன் போல.

தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தத் துணியெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிட்டு, மேஜைய ஒரு கை புடிங்க. நாலு வீடு தள்ளித்தான் கொழுந்தன் பட்டறை. தூக்கிட்டுப் போயிடலாம். தெரு பாத்தா பாக்கட்டும், தெரு கேக்கத்தான கத்தினேன்... மெதுவா, மெதுவா, நிலையில இடிக்கப்போவுது...

ஏங்க! அடுப்படியிலயா இருக்கீங்க? அந்த டம்ளரக் கவுத்துடாதீங்க!